தூண்டிவிட்டவர் யார்?

சென்ற கோடையில் ஒரு நாள் காலை, எங்கள் தெருவில் முப்பது பெண்கள் காலிக் குடங்களுடன் வந்து நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எல்லாரும் தெருக்கோடியிலுள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர்கள். அங்கே குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வர ஆரம்பித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மனுக் கொடுத்திருக்கிறார்கள், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்கியிருக்கிறார்கள். ரசீதைக் காய்ச்சிக் குடிக்க முடியாதாகையால் சாலைக்கு வந்தார்கள்.

அவர்கள் கல் எறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்று வந்தபோது குடங்களை ஒதுக்கி வழிவிட்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி வெயில் தாளாமல் பால் பூத்தின் நிழலுக்கு நகர்ந்துகொண்டாள். அன்று நடந்த கலவரம் அவ்வளவுதான்.

நான் அப்போது மாடி ஜன்னலில் காபி டம்ளருடன் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த வீட்டு நண்பர், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பத்திரிகைகளுக்கு அடிக்கடி ஆசிரியர் கடிதம் எழுதுகிறவர், தம் மொட்டை மாடியிலிருந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இதுகளை யார் ஸார் தூண்டிவிட்டது?"

"யாராவது வார்டு அரசியல்வாதியா இருப்பான்" என்றேன் நான்.

யோசித்துச் சொன்ன பதில் அல்ல. குழந்தை தும்மினால் 'நூறு' என்று சொல்கிறோமே, அதைப்போல அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் தானாக வந்துவிட்டது.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாகக் கீரை கொண்டுவரும் அம்மாள் வந்தாள். முந்தின நாள் முதல் வரிசையில் அவளைப் பார்த்திருந்தேன். அவளும் என்னைப் பார்த்திருக்கிறாள். கீரைக் கட்டைப் படியில் வைத்துவிட்டு, கோபமே இல்லாமல், ஏதோ விலை விசாரிப்பதுபோல் கேட்டாள்:

"ஏங்கய்யா, உங்க வூட்டுக் குழாயிலயும் அதே தண்ணிதானே வருது?"

அதே தண்ணீர்தான். ஒரே தொட்டி, ஒரே குழாய்.

"நாங்க கேன் தண்ணி வாங்கிக்கிறோம்மா" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வெட்கமாகிவிட்டது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கதை எழுதுகிறேன். என் கதாநாயகிகளில் பாதிப் பேர் அநியாயத்தைக் கண்டால் நிமிர்ந்து நிற்பவர்கள். அவர்களை அப்படி நிற்க வைத்ததற்காக வாசகர்களிடமிருந்து கட்டுக்கட்டாகப் பாராட்டுக் கடிதங்கள் வாங்கியவன் நான். ஆனால் உயிருள்ள முப்பது கதாநாயகிகள் என் வாசலிலேயே வந்து உட்கார்ந்தபோது, இவர்களுக்கு வசனம் எழுதிக் கொடுத்த ஆசாமி யார் என்று விசாரித்திருக்கிறேன்!

அந்தக் கேள்வியை நானும் என் நண்பரும் மட்டும் கேட்கவில்லை. என் கதைகளைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோரும் கேட்பீர்கள். சாலையோரத்தில் ஒரு பந்தலும் நாலு பெண்களும் கண்ணில் பட்டால், நம்மைப் போன்றவர்களின் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி, 'இவர்களுக்கு என்ன குறை?' என்பதல்ல, 'இவர்களுக்குப் பின்னால் யார்?' என்பதுதான். மரியாதையான வீடுகளிலெல்லாம் புழங்கும் இந்தக் கேள்வி ஓர் அவமரியாதை என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணத்தைச் சற்று வெளியே எடுத்துப் பாருங்கள். நமக்குக் கோபம் வந்தால் அது அபிப்பிராயம். பத்திரிகைக்குக் கடிதம் எழுதுகிறோம். யாரும் நம்மைத் தூண்டிவிடவில்லை. நமக்கே மூளை இருக்கிறது. ஆனால் கீரைக்காரிக்குக் கோபம் வந்தால், அதை யாரோ சாவி கொடுத்து முடுக்கியிருக்க வேண்டும்! நாற்றமடிக்கும் தண்ணீரை மூன்று வாரம் குழந்தைக்குக் கொடுக்க நேர்ந்தவளுக்கு, அது நாற்றமடிக்கிறது என்று சொல்ல வெளியூரிலிருந்து ஓர் ஆள் வர வேண்டுமா?

இந்தக் கேள்வி நேற்று முளைத்ததல்ல. வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. பீகாரில் சம்பாரண் ஜில்லாவில் குடியானவர்கள் தங்கள் நிலத்தில் இருபது பங்குக்கு மூன்று பங்கில் கட்டாயமாக அவுரி பயிரிட வேண்டும் என்று ஒரு முறை இருந்தது. 1917 ஏப்ரலில் காந்தி அங்கே போனார். ஜில்லாவை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் மறுத்தார், ஏப்ரல் 18-ந் தேதி மோதிஹாரி கோர்ட்டில் குற்றவாளியாக நின்றார். தோட்டத் துரைமார்களின் கட்சி என்ன? எங்கள் குடியானவர்கள் சாதுக்கள். இந்த வெளியூர் வக்கீல் வந்து கிளப்பிவிடுகிறார் என்பதுதான்.

உண்மையில் நடந்தது என்ன? அந்த ஜில்லாவின் பெயரையே காந்தி அதற்கு முன் சரியாகக் கேள்விப்பட்டதில்லை. ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் 1916 டிசம்பரில் லக்னோ காங்கிரஸில் அவரைப் பிடித்துக்கொண்டார். கான்பூருக்குப் போனால் அங்கேயும் வந்து நின்றார். ஆமதாபாத் ஆசிரமத்துக்கும் வந்து நின்றார். கடைசியில் கல்கத்தாவில் காத்திருந்து ரயிலேற்றி அழைத்துப் போனார். அப்படியானால் யார் யாரைத் தூண்டிவிட்டது? குடியானவன்தான் மகாத்மாவைத் தூண்டிவிட்டான்! காந்தி மீதிருந்த வழக்கை வாபஸ் வாங்கிய சர்க்கார் பிறகு விசாரணைக் குழு அமைத்தது. 1918-ல் சட்டம் செய்து அந்தக் கட்டாய அவுரி முறையை ஒழித்தது.

சுதந்திரம் வந்தது. துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள். கேள்வியை மட்டும் நமக்குச் சொத்தாக விட்டுப் போனார்கள் போலும்! 2012 பிப்ரவரியில், கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரை மீனவக் குடும்பங்கள் பந்தலில் உட்கார்ந்திருந்த காலத்தில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் ஓர் அந்நிய விஞ்ஞானப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தார். எதிர்ப்புக்குப் பின்னால் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு ஸ்தாபனங்கள் இருப்பதாகச் சொன்னார். அணுமின்சாரம் நல்லதா, கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. விஷயம் தெரிந்தவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்; 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு நிலையத்தை இயக்கலாம் என்றே தீர்ப்பளித்தது. நான் கேட்பது வேறு. கடற்கரையில் பிறந்து கடலில் பிழைக்கும் ஒருவன் தன் கடலைப் பற்றிக் கவலைப்பட வாஷிங்டனிலிருந்து மணியார்டர் வர வேண்டும் என்று நம்மால் எப்படி இவ்வளவு சுலபமாக நம்ப முடிந்தது? ஆயிரக்கணக்கான பேர் மீது ராஜத்துரோக வழக்குப் போட்டபோது நாம் எப்படி அமைதியாகக் காபி குடித்தோம்?

தூண்டுதல் என்பது எங்கே பிறக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிளாச்சிமடைக்குப் போக வேண்டும். பொள்ளாச்சிப் பக்கத்து எல்லையைத் தாண்டினால் அதிகத் தூரமில்லை. பாலக்காடு ஜில்லா, சித்தூர் தாலுக்கா, பெருமாட்டி கிராமப் பஞ்சாயத்து. கேரளம் என்றதும் நமக்குத் தோன்றும் ஓயாத மழை அங்கே கிடையாது. மழை மறைவுப் பிரதேசம். எரவாளர், மலசர் என்ற பழங்குடி மக்கள் அங்கே விவசாயக் கூலிகள். எல்லையோர ஊராகையால் தமிழ் அங்கே அந்நிய பாஷை அல்ல.

2000-ம் ஆண்டு ஜனவரியில் அந்தப் பஞ்சாயத்து, கொக்கோ கோலா கம்பெனி ஆலை நடத்த அனுமதி கொடுத்தது. வரி வருமானம் வரும், ஊரில் நாலு பேருக்கு வேலை கிடைக்கும் என்ற ஆசை. அதில் தவறில்லை. மார்ச்சில் உற்பத்தி ஆரம்பமாயிற்று. முப்பத்துநாலு ஏக்கர் வளாகத்தில் ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டு, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் என்ற கணக்கில் நிலத்தடி நீரை எடுத்தார்கள். அதிக நாள் ஆகவில்லை. சுற்றியிருந்த குடியிருப்புகளின் கிணறுகள் கெட்டன. தண்ணீர் கீழே போயிற்று. மிஞ்சிய தண்ணீரும் கடுத்துப் போயிற்று. அதில் உலை வைத்தால் அரிசி சரியாக வேகவில்லை. குளித்தால் உடம்பு அரித்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு பெண்கள் மைல் கணக்கில் நடந்தார்கள். ஆலையிலிருந்து வந்த சேற்றுக் கழிவை உரம் என்று சொல்லிச் சுற்றுப்புறக் குடியானவர்களுக்குக் கொடுத்தார்கள். 2003 ஜூலையில் பி.பி.சி. வானொலி அதை எடுத்துப்போய் இங்கிலாந்தில் சோதித்துப் பார்க்கச் செய்ததில், ஈயமும் காட்மியமும் இருப்பது தெரிந்தது.

2002 ஏப்ரல் 22-ந் தேதி ஆலை வாசலுக்கு எதிரே ஒரு பந்தல் எழுந்தது. அதில் உட்கார்ந்தவர்களில் முக்கியமானவர் மயிலம்மா. எரவாளர் குலத்துப் பெண். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர். தன் கிணற்றில் வாளியை இறக்கித் தூக்கிப் பார்த்ததுதான் அவர் பார்த்த ஆராய்ச்சி.

என் நண்பர் இங்கே குறுக்கிடுவார் என்று எனக்குத் தெரியும். "பந்தலைத் திறந்துவைத்தது யார் ஸார்?" என்பார். சொல்லிவிடுகிறேன். வயநாட்டிலிருந்து வந்த ஆதிவாசித் தலைவி சி.கே. ஜானு. "பார்த்தீர்களா! வெளியாள்!" என்று அவர் துள்ளிக் குதிக்கலாம். குதிக்கட்டும். நம் வீட்டுக் கல்யாணத்துக்கும் பெரிய மனிதர் ஒருவர் தலைமை தாங்க வருகிறார். மாலை வாங்கிக்கொண்டு அன்று மாலையே போய்விடுகிறார். குடும்பம் நடத்துவது யார்? ஜானு திறந்துவைத்தார். ஐந்நூறாவது நாள் அந்தப் பந்தலில் இருந்தது யார்? ஆயிரமாவது நாள் இருந்தது யார்? உள்ளூர்க் கூலிக்காரப் பெண்கள்! ஒரு நாள் உட்கார்ந்தால் ஒரு நாள் கூலி போகிறவர்கள் அவர்கள். தேசம் தேசமாகப் பிரமுகர்கள் வந்து கூடிய உலகத் தண்ணீர் மாநாடு பிளாச்சிமடையில் நடந்தது 2004 ஜனவரியில். பந்தல் போட்டு ஒன்றே முக்கால் வருஷம் கழித்து. அடுப்பு எரிந்து, சோறு வெந்த பிறகு வந்தவர்களை, நெருப்பு வைத்தவர்கள் என்று சொல்வது என்ன நியாயம்?

பந்தல் செய்த முதல் காரியம், அனுமதி கொடுத்த அதே பஞ்சாயத்தின் கண்ணைத் திறந்தது. 2003 ஏப்ரலில் பெருமாட்டிப் பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. 2003 டிசம்பர் 16-ல் நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர், நிலத்தடி நீர் பொதுச் சொத்து, சர்க்கார் அதற்குத் தர்மகர்த்தா மாத்திரமே என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னார். முப்பத்துநாலு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடியானவனுக்கு எவ்வளவு தண்ணீர் தேவையோ அவ்வளவுதான் அந்தக் கம்பெனிக்கும் உரிமை என்றார். 2004 பிப்ரவரியில் வறட்சியைக் காரணமாகச் சொல்லி மாநில சர்க்கார் நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தியது. மார்ச்சில் ஆலை நின்றது.

அதோடு கதை சுபமாக முடிந்ததா? இல்லை. கதையாக இருந்தால் நான் அப்படித்தான் முடித்திருப்பேன். 2005 ஏப்ரலில் ஹைகோர்ட்டின் இரு நீதிபதிகள் பெஞ்சு முதல் தீர்ப்பை மாற்றி, நாளைக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டது. 2007 ஜனவரியில் மயிலம்மா காலமானார். 2010-ல் சர்க்கார் அமைத்த உயர்நிலைக் குழு, ஊருக்கு ஏற்பட்ட நஷ்டம் 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. அதை வசூலித்துக் கொடுக்க ஒரு தனி நீதிமன்றம் வேண்டும் என்று 2011-ல் கேரள சட்டசபை மசோதா நிறைவேற்றியது. அதற்கு ராஷ்டிரபதியின் சம்மதம் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில் ஆலை மட்டும் மறுபடி நிலையாக இயங்கவில்லை. 2017 ஜூலையில் கம்பெனியே சுப்ரீம் கோர்ட்டில், அங்கே மீண்டும் உற்பத்தி ஆரம்பிக்கும் எண்ணமில்லை என்று சொல்லிவிட்டது. சாதகமாக வந்த தீர்ப்புப் போயிற்று. சட்டம் பாதி வழியில் நின்றது. அந்தப் பெண்கள் மட்டும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் எழுந்து போயிருந்தால் ஆலை திறந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆலையில் வேலை பார்த்தவர்களுக்கு வேலை போயிற்றே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. போயிற்று, அந்த வேதனையும் வேதனைதான். ஆனால் ஒருவன் சம்பளத்துக்காக இன்னொருவன் கிணறு வற்ற வேண்டும் என்ற ஏற்பாட்டை யார் செய்தது? அதைச் செய்தவரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்வியைப் பந்தலில் இருப்பவளிடம் கேட்பானேன்?

சரி, தலைவர்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டால் ஜனங்கள் பேசாமல் இருப்பார்களா? அந்தச் சோதனையும் நம் தேசத்தில் நடந்திருக்கிறது. இமயமலைச் சாரலில், சமோலி ஜில்லாவில் ரேணி என்று ஒரு கிராமம். அங்கே ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டக் குத்தகை விட்டிருந்தார்கள். 1970-ல் அளகநந்தாவில் வந்த வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த மலைஜனங்கள், மரம் போனால் மலை சரியும் என்று அறிந்திருந்தார்கள். 1974 மார்ச் 26-ந் தேதி, ராணுவத்துக்கு எடுத்த நிலத்துக்கு நஷ்டஈடு தருவதாகச் சொல்லி ஆண்களைச் சமோலி நகருக்கு வரவழைத்தார்கள். இயக்கத் தலைவர் சண்டி பிரசாத் பட்டை அதிகாரிகள் வந்து பேச்சில் பிடித்துவைத்தார்கள். ஊரில் தூண்டிவிட ஓர் ஆளும் பாக்கியில்லை. அந்த நேரம் பார்த்துக் கோடரிக்காரர்கள் காட்டுக்குப் போனார்கள். ஒரு சின்னப் பெண் அதைப் பார்த்து ஓடிவந்து கௌரா தேவியிடம் சொன்னாள். கௌரா தேவி இருபத்தேழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போய் மரங்களுக்கு முன்னால் நின்றார். இரவு முழுவதும் காவல் இருந்தார். மரம் விழவில்லை. சிப்கோ இயக்கம் என்று உலகம் இன்று கொண்டாடுவதில் மிகப் பெரிய நாள், தலைவர் எவரும் ஊரில் இல்லாத அந்த நாள்தான்!

"இருக்கட்டும், சட்டம் இருக்கிறது, மனு இருக்கிறது, தகவல் உரிமைச் சட்டம்கூட வந்துவிட்டது. தெருவில் உட்காருவானேன்?" என்பது அடுத்த வாதம். என் நண்பரே ஓய்வூதியக் கணக்கில் ஏதோ குளறுபடி என்று பத்து ரூபாய் கட்டி மனுப் போட்டு, முப்பது நாளுக்குள் பதில் வாங்கி, அந்தச் சட்டத்தின் மகிமையை எனக்கு ஒரு மணி நேரம் விளக்கியிருக்கிறார். அந்தச் சட்டம் எங்கே பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் வெகுநாள் தெரியாது.

அது ராஜஸ்தானத்தில் தெருவில் பிறந்த சட்டம். பஞ்சத்துக்காகச் சர்க்கார் நடத்திய ரோடு வேலையில் கூலி குறைத்துக் கொடுக்கப்பட்ட ஏழைகள், எங்கள் பெயருக்கு எதிரே கணக்கில் என்ன எழுதியிருக்கிறீர்கள், காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தை 1975-ல் உதறிவிட்டு வந்த அருணா ராயும் மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து 1990-ல் மஜ்தூர் கிஸான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 முதல் கிராமம் கிராமமாகக் கணக்கை உரக்கப் படித்து, இது உண்மையா என்று ஊரையே கேட்டார்கள். கணக்கின் நகல் கொடுப்போம் என்று முதல் மந்திரி 1995-ல் சட்டசபையில் வாக்களித்தார். ஒரு வருஷமாகியும் உத்தரவு வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ந் தேதி பியாவர் என்ற ஊரில் சாலையோரம் உட்கார்ந்தார்கள். நாற்பது நாள். சித்திரை வெயில், அதுவும் ராஜஸ்தானத்துச் சித்திரை. அந்த ஊர்க் கடைக்காரர்கள், அந்த ஊர் நடுத்தர வகுப்பார், கறிகாயும் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அந்த உட்காரலிலிருந்து வளர்ந்ததுதான் 2005-ல் தேசம் முழுமைக்கும் வந்த தகவல் உரிமைச் சட்டம். தெருவில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் அமர்ந்துகொண்டு, தெருவில் உட்காருவது அநாகரிகம் என்று பேசுகிறோம்!

எல்லாப் பந்தலும் புனிதமானது என்று நான் சொல்ல வரவில்லை. லாரியில் ஏற்றி வந்து, பிரியாணிப் பொட்டலமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து உட்கார வைக்கும் கூட்டத்தை நானும் பார்த்திருக்கிறேன். பஸ்ஸைக் கொளுத்துகிறவன் சத்தியாக்கிரகி அல்லன். அவனுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் நிஜத்தையும் போலியையும் பிரித்தறிய ரகசியப் போலீஸ் வேண்டியதில்லை. நாலு விஷயம் பார்த்தால் போதும். உட்கார்ந்திருப்பவள் அந்த ஊர்க்காரியா? அவள் கேட்பது அவளுக்கே நாள்தோறும் வேண்டியதா? அங்கே உட்கார்வதால் அவளுக்கு வரவா, நஷ்டமா? நாளைக்கும் வருவாளா? கூலிக்குப் பிடித்த கூட்டம் பொழுது சாய்ந்தால் கலைந்துவிடும். நஷ்டப்பட்டு உட்கார்கிறவர்கள்தான் மறுநாளும் வருவார்கள். இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்துகொள்ள மாடியிலிருந்து இறங்கிப் போனால் போதும். நானும் நண்பரும் செய்யாதது அதுதான்.

ஏன் இறங்கவில்லை? கீரைக்கார அம்மாள் கேட்ட பிறகு பல நாள் யோசித்துப் பார்த்தேன். நாம் கெட்டவர்கள் என்பதல்ல காரணம். ஊர்த் தண்ணீர் கெட்டால் நாம் கேன் வாங்குகிறோம். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் வாங்குகிறோம். சர்க்கார் பள்ளிக்கூடம் சரியில்லையென்றால் தனியார் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்குகிறோம். பொதுவான ஒவ்வொரு கஷ்டத்திலிருந்தும் காசு கொடுத்துத் தனித்தனியே தப்பித்து வந்துவிட்டோம். வெளியேற வாசல் இருப்பவனுக்கு, வாசல் இல்லாதவள் ஏன் கத்துகிறாள் என்று புரியாது. காரணம் கண்ணுக்குத் தெரியாதபோது காரணகர்த்தாவைத் தேடுகிறான். நம்மைக் காப்பாற்றும் கேன் தண்ணீரும் எங்கோ ஒரு கிராமத்தின் நிலத்தடியிலிருந்துதான் வருகிறது என்பதை அவன் நினைத்துப் பார்ப்பதில்லை. பிளாச்சிமடை அந்தப் பக்கத்துக் கதை, கீரைக்கார அம்மாள் இந்தப் பக்கத்துக் கதை, குழாய் ஒன்றுதான்.

நம் அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 19-ம் பிரிவு, ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையை ஒவ்வொரு பிரஜைக்கும் கொடுக்கிறது. பட்டம் பெற்றவனுக்கு என்றோ, சொந்த வீடு உள்ளவனுக்கு என்றோ அதில் போடவில்லை. 1993-ல் அமலுக்கு வந்த திருத்தம், கிராம சபையை அரசியல் சட்டத்திலேயே ஏற்றி வைத்தது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 போன்ற நாட்களைக் குறித்துக் கிராம சபை கூட்டுகிறார்கள். 2022 நவம்பர் முதல் நகரங்களிலும் பகுதி சபை என்று கூட்ட ஆரம்பித்தார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போய், 'குழாயில் சாக்கடை வருகிறது' என்று நம்மைப் போன்ற நாலு பேர் எழுந்து கேட்டிருந்தால், அந்தப் பெண்கள் ஒரு வேளைக் கூலியை விட்டு நடுச்சாலையில் உட்கார வேண்டி வந்திராது. அவர்களைத் தெருவுக்கு அனுப்பியதில் நம் மௌனத்துக்கும் பங்கு உண்டு. தூண்டிவிட்டவர் யார் என்று இனியும் கேட்பவர்கள், அந்த ஜாபிதாவில் தங்கள் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருக் கதை எப்படி முடிந்தது என்று சொல்லிவிடுகிறேன். பெண்கள் உட்கார்ந்த நாலாவது நாள் ஆட்கள் வந்து தோண்டினார்கள். சாக்கடைக்குக் குறுக்கே போன பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. புதுக் குழாய் போட்டார்கள். குடியிருப்புக்கு நல்ல தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. நண்பர் வீட்டுக்கும் வந்தது. அதற்காக எங்கள் இருவரில் எவரும் ஒரு நிமிஷம் வெயிலில் நிற்கவில்லை.

சென்ற மாதம் கீரைக்கார அம்மாளிடம், அன்றைக்கு நான் கீழே இறங்கி வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில்லறையை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னாள்:

"அதுக்கென்னங்கய்யா, அடுத்த தடவை வாங்க. வரையிலே ஒரு குடம் கொண்டாங்க."

எங்கள் வீட்டில் குடம் இல்லை, கேன்தான் இருக்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.